அரிய ஸ்போர்ட்ஸ் கார்களின் வழக்கமான பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபெராரி, லம்போர்கினி, மெக்லாரன், போர்ஷே போன்ற நிறுவனங்களின் அதிவேகக் கார்களைப் புதிதாகவோ பழையதாகவோ வாங்கியவர்கள் பராமரிப்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்கான ஆயத்தங்களையும் பெரும் பழுதுகளையும் இதில் சேர்க்கவில்லை. ஆண்டுதோறும் உரிய நேரத்தில் செய்ய வேண்டியவை மட்டுமே உள்ளன. இங்கே சொல்லியிருப்பதும் உங்கள் காரின் கையேடும் எங்காவது வேறுபட்டால், கையேட்டையே பின்பற்றுங்கள்.

ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. ஆண்டு சர்வீஸைத் தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போட வேண்டாம். தினமும் ஓடும் கார்கள் ஓடித் தேய்கின்றன. இந்தக் கார்களோ பெரும்பாலும் நின்று கெடுகின்றன. என்ஜின் ஆயிலில் எரிபொருளின் மிச்சமும் எரிந்த வாயுக்களிலிருந்து வரும் ஈரமும் அமிலமும் கலந்திருக்கும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த அமிலம் பேரிங்குகளின் மேல் தங்கியே இருக்கும். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்குகின்றன, டயர் இறுகுகிறது. இவற்றில் எதுவும் ஓடோமீட்டரில் தெரிவதில்லை.

நிறுவனங்களும் இதை அறிந்தே அட்டவணை போடுகின்றன. ஃபெராரியின் 7 ஆண்டுப் பராமரிப்புத் திட்டத்தில் சர்வீஸ் என்பது 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. மெக்லாரன் எஃப்1 காரில் பெட்ரோல் நிற்கும் ரப்பர் பையை, கார் ஓடியதோ இல்லையோ, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும்.

பதினைந்து ஆண்டுப் பழைய கார் ஒன்றைச் சில காலத்துக்கு முன் சோதித்துப் பார்த்தேன். ஓடோமீட்டர் 9,000 கிலோமீட்டரைத்தான் காட்டியது. பெயின்டில் ஒரு கீறல் இல்லை. கூலன்ட் செல்லும் ரப்பர் குழாயை இரு விரலால் அழுத்தியபோது உள்ளே மொறமொறவென்று ஒடியும் சத்தம் கேட்டது. கிளாம்ப் இருந்த இடத்தில் வெள்ளையாகக் கூலன்ட் உப்பு படிந்திருந்தது. குறைவாக ஓடிய கார் என்ற நம்பிக்கையில் அதை வாங்கியவர், முதல் நீண்ட பயணத்திலேயே வழியில் நின்றிருப்பார். அதே வயதில் 60,000 கிலோமீட்டர் ஓடி, ஒவ்வோர் ஆண்டும் சர்வீஸ் பார்த்த காரையே நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதாதா?

அது நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்கிறது. குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது பெட்ரோல் கூடுதலாகச் செலுத்தப்படுகிறது. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவி சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் நீராகப் படிகிறது. ஐந்து நிமிடத்தில் அது ஆவியாகும் அளவுக்கு எதுவும் சூடாவதில்லை. கூலன்ட் சீக்கிரம் சூடேறிவிடும். ஆயில் மிகவும் மெதுவாகவே சூடேறும். ஆகவே, ஓட்டினால் ஆயிலின் வெப்பம் முழுமையாக ஏறி, அந்நிலையில் குறைந்தது இருபது நிமிடமாவது இருக்கும்படி ஓட்டுங்கள். அதற்கு வாய்ப்பில்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமல் விடுவதே மேல்.

ஓட்டும்போதும் ஆயில் சூடேறும்வரை என்ஜின் வேகத்தை 3,500 அல்லது 4,000 சுற்றுகளுக்குள் வைத்திருங்கள். ஆயில் வெப்பமானி இருக்கும் கார்களில் முள் 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. செலவே இல்லாத பராமரிப்பு இது.

டிப்ஸ்டிக்கில் ஒவ்வொரு முறையும் ஆயில் வேறு வேறு அளவு காட்டுகிறது. எதை நம்புவது?

உங்கள் காரில் ட்ரை சம்ப் அமைப்பு இருக்கலாம். சாதாரணக் கார்களில் ஆயில் என்ஜினின் அடித்தட்டிலேயே தேங்கி நிற்கும். ட்ரை சம்ப் அமைப்பில் பம்புகள் அடித்தட்டிலிருந்து ஆயிலை உறிஞ்சித் தனியே உள்ள தொட்டிக்கு அனுப்புகின்றன. வேகமாக வளைவில் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பேரிங்குகள் வறண்டுவிடக் கூடாது என்பதற்காகவும், ஆழமான அடித்தட்டு இல்லாததால் என்ஜினைத் தாழ்வாகப் பொருத்தலாம் என்பதற்காகவும் இந்த ஏற்பாடு. என்ஜினை நிறுத்திய பிறகு தொட்டியில் உள்ள ஆயில் மெல்ல மெல்ல என்ஜினுக்குள் இறங்குகிறது; காலையில் குளிர்ந்த நிலையில் டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயிலே இல்லாதது போலத் தோன்றும். அதைப் பார்த்துப் பதறி இரண்டு லிட்டர் ஊற்றுவதுதான் புதிய உரிமையாளர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. மிகுதியான ஆயில் காற்றிழுக்கும் குழாய்க்குள் புகுந்து நீலப் புகையாக வெளியேறும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும்.

இத்தகைய கார்கள் பலவற்றுக்குச் சரியான முறை இதுதான்: முழுமையாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டுச் சமதளத்தில் நிறுத்துங்கள், என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தொட்டியின் மூடியைத் திறந்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். பழைய, காற்றால் குளிரும் போர்ஷே 911 கார்களிலும் இப்படித்தான். இரு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நின்றால் அது போதும். மேல்கோடு வரை நிரப்பவேண்டும் என்று முனைய வேண்டாம். சில புதிய கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது, திரையில்தான் அளவு தெரியும். அங்கும் இதே வெப்ப நிபந்தனை பொருந்தும்.

விலை உயர்ந்த எந்த ஆயிலையும் ஊற்றலாமா?

விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையேட்டில் உள்ள தர எண்ணையும் (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் 10டபிள்யூ-60 போன்ற எண்) நிறுவன அங்கீகாரத்தையும் பாருங்கள். 10டபிள்யூ-60 ஆயிலுக்காக இடைவெளி விட்டுக் கட்டிய என்ஜினில் மெல்லிய ஆயிலை ஊற்றினால் அதிவேகச் சுழற்சியில் பேரிங்கின் மேல் ஆயில் படலம் நிற்காது. 0டபிள்யூ-40 கேட்கும் என்ஜினில் கெட்டியான ஆயிலை ஊற்றினால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே சென்று சேரத் தாமதமாகும்.

பழைய கார்களில் இன்னும் நுணுக்கம் உண்டு. 1966-இல் வெளிவந்த லம்போர்கினி மியூராவின் பெரும்பாலான கார்களில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். கியர் பற்களிலிருந்து உதிரும் இரும்புத் துகள் என்ஜினுக்குள்ளும் சுற்றி வரும். பிற்கால எஸ்வி கார்களில்தான் இரண்டையும் பிரித்தார்கள். இப்படிப்பட்ட காரில் ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைப்பது மிகையான எச்சரிக்கை ஆகாது.

டைமிங் பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும்? என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

பிஸ்டன்களின் ஓட்டத்தோடு ஒத்து வால்வுகளைத் திறந்து மூடச் செய்யும் பட்டைதான் டைமிங் பெல்ட். விடை காரின் மாடலைப் பொறுத்தது. 1994 முதல் 1999 வரை வந்த ஃபெராரி எஃப்355-இல் பெல்ட் மாற்ற என்ஜினை அதன் துணைச் சட்டகத்தோடு கீழே இறக்குவதே நடைமுறை. அடுத்து வந்த 360 காரில் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றி, கேபின் வழியாகவே பெல்ட்டை எட்டலாம். 2004-இல் வந்த எஃப்430-இலிருந்து இவ்வகை வி8 என்ஜின்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின் வந்துவிட்டதால் இந்தச் செலவே இல்லாமல் போனது. பழைய கார் வாங்க நினைப்பவர்கள், விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: "கடைசியாகப் பெல்ட் மாற்றியது எந்த ஆண்டு?"

பெல்ட் உள்ள கார்களுக்கு 3 ஆண்டு என்ற கணக்கை நிபுணர்கள் பலர் பின்பற்றுகிறார்கள். 5 ஆண்டு வரை விடலாம் என்போரும் உண்டு. நான் முதல் கட்சி. இந்த என்ஜின்களில் பெல்ட் அறுந்தாலோ ஒரு பல் நழுவினாலோ, திறந்த நிலையில் நிற்கும் வால்வுகளை மேலேறி வரும் பிஸ்டன்கள் இடித்து வளைத்துவிடும். ஒரு பெல்ட்டின் விலைக்கும் வளைந்த வால்வுகளைச் சீர்செய்யும் செலவுக்கும் ஒப்பீடே கிடையாது. தவிர, மாதக்கணக்கில் ஒரே நிலையில் நிற்கும் காரில் பெல்ட், தன்னை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உருளையைச் சுற்றிய வளைவிலேயே இறுகிப்போகிறது. அதனால் குறைவாக ஓடிய காருக்குச் சலுகை ஏதும் இல்லை.

பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு டென்ஷனர் பேரிங்குகளைப் பழையபடியே விடுவது அரைகுறை வேலை. பேரிங் இறுகினால் புதிய பெல்ட்டும் அறுந்துபோகும். என்ஜின் வெளியே வந்திருக்கும் நேரத்தில் வாட்டர் பம்ப், கேம்ஷாஃப்ட் சீல்கள், எட்டாத இடத்திலுள்ள கூலன்ட் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் பார்த்துவிட வேண்டும். இவற்றுக்காக மீண்டும் ஒருமுறை என்ஜினை இறக்குவது வீண் செலவு. பெட்ரோல் குழாய்களை அழுத்திச் சொல்கிறேன்: நடுவில் என்ஜின் உள்ள காரில் சூடான சைலன்சர் குழாய்க்கு மிக அருகே அவை செல்கின்றன, இக்கார்கள் பல தீப்பிடித்ததற்குக் காரணம் வெடித்த ரப்பர் குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல்தான்.

பெடல் கிளட்ச் இல்லாத காரில் கிளட்ச் தேய்வது எப்படித் தெரியும்?

முதலில் எவ்வகை கியர்பாக்ஸ் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபெராரியின் எஃப்1, லம்போர்கினியின் இ-கியர் போன்ற கியர்பாக்ஸ்கள் ஒற்றைக் கிளட்ச் கொண்டவை. அவை உண்மையில் சாதாரண கியர்பாக்ஸ்களே. கால் செய்யும் வேலையை ஹைட்ராலிக் அழுத்தம் செய்கிறது. நெரிசலில் ஊர்ந்து செல்வதும் மேட்டில் பின்னோக்கி எடுப்பதும் இந்தக் கிளட்சை மிக வேகமாகத் தின்றுவிடும். அந்தந்த நிறுவனக் கார்களுக்கான ஸ்கேனரைப் பொருத்தினால் தேய்மானம் எண்ணாகவே தெரியும். ஆண்டு சர்வீஸின்போது அதைக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

ஸ்கேனர் இல்லாமலும் ஒன்றைக் கவனிக்கலாம். இவ்வகை ஃபெராரி கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததும் பின்னாலிருந்து "உய்ய்ங்" என்று ஹைட்ராலிக் பம்ப் சில நொடிகள் ஒலித்து அடங்கும். அழுத்தத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கிறது. அந்த ஒலி அடங்க வழக்கத்தைவிட நேரமானாலோ, ஓட்டும்போது நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி மறுபடி கேட்டாலோ, அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் நைட்ரஜன் குடுவை தளர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போதே குடுவையை மாற்றினால் பம்ப் பிழைக்கும். காரில் ஏறும்போது கைபேசியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

2009-இல் வந்த ஃபெராரி 458, 2014-இல் வந்த லம்போர்கினி ஹுராகான் போன்றவற்றில் உள்ள இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்களில் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருப்பதால் நெடுநாள் உழைக்கும். ஆனால் அந்த ஆயிலையும் ஃபில்டரையும் அட்டவணைப்படி மாற்றுவதுதான் அந்த உழைப்புக்கு அடிப்படை.

செராமிக் பிரேக் டிஸ்க் ஆயுள் முழுவதும் வரும் என்கிறார்களே?

அமைதியாக ஓட்டினால் மிக நெடுநாள் வரும் என்பது உண்மை. ஆனால் இரும்பு டிஸ்க்கைப் போலத் தடிமனை அளந்து மட்டும் இதை மதிப்பிட முடியாது. கடும் வெப்பத்தில் டிஸ்க்கினுள் இருக்கும் கார்பன் இழை எரிந்து குறைகிறது. தடிமன் அப்படியே இருக்க எடை குறையும். அதனால் பல டிஸ்க்குகளின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடை பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றித் துலக்கித் தராசில் வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை.

செராமிக் டிஸ்க்குக்கு இன்னொரு பகை, சக்கரத்தைக் கழற்றும் கை. ரிம் நழுவி டிஸ்க் விளிம்பில் மோதினால் ஓரம் சில்லாகப் பெயரும். இதைத் தவிர்க்கவே நட்டுத் துளையில் திருகிக்கொள்ளும் நீண்ட வழிகாட்டிக் கம்பி தரப்படுகிறது. டயர்க் கடையில் அது இல்லையென்றால் சக்கரத்தைத் தொட விடாதீர்கள். அமிலம் கலந்த ரிம் கிளீனரும் டிஸ்க்கில் படக் கூடாது.

பிரேக் திரவத்தை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பரவலாகப் பயன்படும் தரவகையான டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே விதி 155 டிகிரியையே எதிர்பார்க்கிறது. மலைப்பாதையில் இறங்கும்போது திரவம் கொதித்து ஆவியானால், பெடல் தரைவரை இறங்கும், கார் நிற்காது.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பட்டனை, அதாவது தரையைப் பிடிக்கும் புடைப்புகளை, பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்தது. ஆறு ஆண்டைத் தாண்டிய டயரில் இந்த வேகக் கார்களை ஓட்ட நான் உடன்பட மாட்டேன். ரப்பர் இறுகிப் பிடிப்புப் போயிருக்கும்; ஆனால் கண்ணுக்குப் புதியது போலவே தெரியும்.

2003 முதல் 2006 வரை தயாரான போர்ஷே கரேரா ஜிடி காருக்காக 2013-இல் மிஷலின் புதிதாக ஒரு டயரையே உருவாக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ரப்பர் கலவை அவ்வளவு முன்னேறியிருந்தது. அந்த டயர் காரின் நடத்தையையே சாந்தமாக்கியது. ஆகவே பழைய கார் என்பதற்காகப் பழைய டயரைப் பாதுகாக்க வேண்டியதில்லை. வாங்கும்போது உங்கள் நிறுவனத்துக்கென்று ஒப்புதல் பெற்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்; போர்ஷேவுக்கு "என்" எழுத்தும் ஓர் எண்ணும், மெக்லாரனுக்கு "எம்சி" என்றும் இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் விசை செல்லும் காரில் ஒரு டயரை மட்டும் மாற்றுவது, சுற்றளவு வேறுபாட்டால், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைக் கெடுக்கும்.

பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது. காரில் பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. திருட்டு எச்சரிக்கை, ரிமோட் சாவி, கண்காணிப்புக் கருவி என்று நிறுத்திய காரிலும் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாரங்களில் பேட்டரி காலியாவது இயல்பு. நிறுத்தும்போதெல்லாம் பராமரிப்புச் சார்ஜரில் இணைத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள காருக்கு அதற்கென்றே உள்ள சார்ஜர் தேவை. ஈய பேட்டரிக்கான சார்ஜரின் புத்துயிர்ப்பு நிலை லித்தியத்தைக் கெடுத்துவிடும்.

இந்தக் கார்களில் பலவற்றுக்குப் பேட்டரி முன்மூடிக்குள் இருக்கிறது. முன்மூடியோ மின்சாரத்தால் திறக்கிறது. பேட்டரி செத்துவிட்டால் பேட்டரியையே எட்ட முடியாது. அவசரத்துக்கு இழுக்கும் கேபிள் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கார் நன்றாக இருக்கும் நாளிலேயே கையேட்டில் பார்த்து, ஒருமுறை இழுத்தும் பாருங்கள்.

ரேடியேட்டரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். முன்பக்கத்தின் இரு ஓரங்களிலும் திறந்திருக்கும் காற்றுவாய்க்குள்தான் பல கார்களின் ரேடியேட்டர்கள் உள்ளன. முன்பம்பரைக் கழற்றினால் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்சருக்கும் நடுவில் ஒரு கைப்பிடி காய்ந்த சருகும் மண்ணும் கிடைக்கும். மழையில் நனைந்து அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, அலுமினியம் அரித்து ஓட்டை விழுகிறது. புகாட்டி வெய்ரானில் பத்து ரேடியேட்டர்கள் உள்ளன என்பதிலிருந்தே இந்த என்ஜின்கள் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது என்று உணரலாம். ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கூலன்ட் குறைந்தால் கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றுங்கள். பொருந்தாத வகைகள் கலந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளும்.

உள்ளே பட்டன்கள் பிசுபிசுக்கின்றனவே?

1990-களின் பிற்பகுதியிலும் 2000-களிலும் வந்த இத்தாலியக் கார்களில் இது பரவலானது. மென்மைக்காகப் பூசிய பூச்சு வயதாகிச் சிதைகிறது. தின்னரோ அசிட்டோனோ தொடக் கூடாது. பிளாஸ்டிக்கும் எழுத்தும் சேர்ந்து அழியும். இத்தகைய பட்டன்களுக்குப் புதிதாகப் பூச்சிட்டுத் தருவோரிடம் அனுப்புங்கள்.

எவற்றை நானே செய்யலாம்?

டயர் காற்று, ஆயில் அளவு, சார்ஜர், சருகு அகற்றல், கசிவு தேடல் ஆகியவற்றை நீங்களே செய்யலாம்; செய்யவும் வேண்டும். இரவு நிறுத்தும்போது அடியில் ஒரு சுத்தமான அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு எங்கே, என்ன நிறத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால், எந்த ஸ்கேனரும் சொல்வதற்கு முன் கசிவு தெரிந்துவிடும்.

ஜாக்கி போடுவதில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. அலுமினியச் சட்டகமோ கார்பன் இழைக் கூடோ உள்ள காரில், குறிக்கப்பட்ட இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி ஜாக்கி வைத்தால் அடிப்பகுதி நசுங்கும். அதற்கான ரப்பர் தாங்கி இல்லாமல் தூக்காதீர்கள். நடுவில் ஒற்றை நட்டு உள்ள சக்கரங்களை வீட்டில் கழற்ற வேண்டாம் என்பேன். சாதாரண வீல் நட்டுக்கு 100 முதல் 160 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். போர்ஷே 911 ஜிடி3-இன் நடு நட்டுக்கு சுமார் 600 தேவை. ஒருவர் உள்ளே பிரேக்கை அழுத்தியிருக்க, மற்றவர் நீண்ட டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

நிறுவனப் பணிமனையா, தனி மெக்கானிக்கா?

உத்தரவாதக் காலம் முடியும்வரை நிறுவனப் பணிமனை. அதன்பின் உங்கள் மாடலை நன்கு அறிந்த தனி மெக்கானிக் சமமானவர். பழைய மாடல்களில் பல நேரம் மேலானவரும்கூட. அவரிடம் அந்த மாடலுக்குரிய ஸ்கேனரும், பெல்ட் மாற்றும்போது கேம்ஷாஃப்ட்டை அசையாமல் பூட்டும் கருவிகளும் இருக்கின்றனவா என்று நேரில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை நீங்கள் கேட்காமலே பெட்டியில் போட்டுக் காட்டுபவர் என்றால் விடாதீர்கள்.

சர்வீஸ் பதிவேட்டில் முத்திரை இருந்தால் போதுமா?

முத்திரை தேதியையும் கிலோமீட்டரையும் மட்டுமே சொல்லும். என்ன மாற்றினார்கள் என்பதைப் பில்தான் சொல்லும். ஒவ்வொரு பில்லையும் பாக எண்ணோடு வாங்கி வையுங்கள். என்ஜின் வெளியே இருக்கும்போது படம் எடுத்து வைத்தால் அடுத்த மெக்கானிக்கின் நேரம் மிச்சமாகும். ஃபெராரி 2006-இல் தொடங்கிய கிளாசிகே பிரிவும் லம்போர்கினி 2015-இல் தொடங்கிய போலோ ஸ்டோரிகோவும் பழைய கார்களின் அசல்தன்மைக்குச் சான்று தருகின்றன. என்ஜின் எண், கியர்பாக்ஸ் எண் போன்றவற்றை ஆராயும் அந்தச் சோதனையில், பழைய பில்களும் மாற்றிக் கழித்த அசல் பாகங்களும் உரிமையாளருக்குப் பெரிதும் கைகொடுக்கும். ஆகவே சைலன்சரையோ ரிம்மையோ மாற்றினால், பழையதைத் துணி சுற்றி, காரின் எண்ணை எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.